கரும்பலகையில் சவரியம்மா

வெள்ளை உறை மாட்டிய அந்தக் கை கரும்பலகையை நோக்கி நீண்டபோது, நான் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கையில் என் டஸ்டர். பழைய கம்பளிக் கிழிசலை மடித்து நானே தைத்தது. உறை அழுக்காகிவிடக் கூடாது என்று அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கர்னல் வீட்டு துரைசானி பலகையிலிருந்த ஒரே ஒரு சொல்லைத் துடைத்தாள்.

பலகையில் எழுதியிருந்தவள் அன்னம்மா. மூன்றாம் வகுப்பு, எட்டு வயசு. 'என் அம்மாவின் பெயர் சவரியம்மா. அவர் ஒரு துரைசானி வீட்டில் வேலை செய்கிறார்' என்று இங்கிலீஷில் இரண்டு வரி. சவரியம்மா என்ற பெயருக்கு முதலில் பெரிய எழுத்து. துரைசானி என்ற சொல்லுக்குச் சின்ன எழுத்து. நான் சொல்லிக்கொடுத்தபடி ஒரு பிசகும் இல்லாமல் எழுதியிருந்தாள்.

"யார் இந்தச் சவரியம்மா?" என்று துரைசானி கேட்டாள். ஹெட்மாஸ்டர் குனிந்து, தங்கள் வீட்டு ஆயாதான் என்றார். துரைசானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆயாவின் பெயர் மேரி அல்லவா, குழந்தை தப்பாக எழுதிவிட்டாளே என்று சொல்லி, சவரியம்மாவை அழித்துவிட்டு அந்த இடத்தில் மேரி என்று எழுதினாள். 'எம்' எழுத்து சுருள் சுருளாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஹெட்மாஸ்டர் கைதட்டினார். அவரைப் பார்த்துப் பிள்ளைகளும் தட்டினார்கள். அன்னம்மா மட்டும் சாக்பீஸைப் பிடித்தபடி பலகையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதை எழுதும்போது இப்போதும் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. எஸ்தர் டீச்சர் இந்தப் பத்தியில் வாராவாரம் யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கிறார் என்று சில வாசகர்கள் குறைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். இந்த வாரமும் திட்டத்தான் போகிறேன். துரைசானியை 'துடைத்தாள்' என்று எழுதுகிறேனே என்று பத்திரிகை ஆசிரியர் திருத்தப் பார்ப்பார். அதை அப்படியே விட்டுவிடும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய மனுஷருக்குப் பெரிய எழுத்து

எங்கள் பள்ளிக்கூடம் அல்சூர் ஏரிக்கு இறங்குகிற சரிவில், ஓடு வேய்ந்த நீளமான ஒற்றைக் கட்டடம். நடுவில் மூங்கில் தட்டி வைத்து வகுப்புகளைப் பிரித்திருந்தோம். இந்தப் பக்கம் நான் ஏ, பி, சி சொன்னால் அந்தப் பக்கத்து வாய்ப்பாடு வந்து மேலே விழும். மழைக்காலத்தில் ஈரத் தலையும், ஈரச் சிலேட்டும், சிலேட்டைத் துடைக்கப் பிள்ளைகள் பறித்துவரும் கோவை இலையும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். எனக்கு அந்த வாடை பிடிக்கும்.

படித்தவர்கள் பெரும்பாலும் தண்டு என்னும் பட்டாளப் பகுதிப் பங்களாக்களில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். பட்லர், ஆயா, தோட்டக்கார மாலி, குதிரைக்காரர், தையற்காரர் என்று. பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் ஊதுகிறவரின் மகள் ஒருத்தி. அல்சூர்க் கோயில் தெருப் பிள்ளைகள் சிலர், பிரேசர் டவுனிலிருந்து நடந்தே வரும் முஸ்லிம் பிள்ளைகள் சிலர்.

இரண்டாம் வகுப்பிலேயே ஏ, பி, சி தொடங்கிவிடும், மூன்றாம் வகுப்பில்தான் சொல்லும் வாக்கியமும். தமிழ் எழுதிப் பழகிய பிள்ளைக்கு அது என்ன தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். நம் 'அ' அரசனுக்கும் 'அ'தான், அம்மிக்கும் 'அ'தான். இங்கிலீஷிலோ ஒரே எழுத்துக்குப் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. நாலு கோட்டு நோட்டில் பெரிய எழுத்து மாடிவரை ஏறி நிற்கும். சின்ன எழுத்துகளில் பாதி நடு அறையிலேயே உட்கார்ந்திருக்கும். எங்கே எதைப் போடுவது என்று பிள்ளை கேட்கத்தானே செய்யும்?

எனக்கு முன்னால் அந்த வகுப்பை நடத்தியவர் ஹெட்மாஸ்டர் தேவசகாயம். நன்றாகப் பாடுவார், பிள்ளைகளை அடிக்க மாட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தத் தொல்லைக்கு அவர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார். பெரிய மனுஷருக்குப் பெரிய எழுத்து, சின்ன மனுஷருக்குச் சின்ன எழுத்து. யாரை 'ங்க' போட்டுப் பேசுவாயோ அவருக்குப் பெரிய எழுத்து. யாரை 'டா', 'டி' போட்டுப் பேசுவாயோ அவருக்குச் சின்ன எழுத்து. அவ்வளவுதான், பாடம் முடிந்தது.

பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதை நம் வீடுகளில் நடக்கத் தொடங்குமுன்பே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். இங்கிலீஷிலும் அதே சங்கதிதான் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு?

நான் அந்த வகுப்புக்குப் போன முதல் நாள் சிலேட்டுகளைப் பார்த்தேன். ராஜா, கலெக்டர், டாக்டர், போலீஸ், துரை எல்லோருக்கும் பெரிய எழுத்து. பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதியபோது அத்தனை பேருக்கும் சின்ன எழுத்து. லண்டனுக்குப் பெரிய எழுத்து போட்டவன் அல்சூருக்குச் சின்ன எழுத்து போட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன்.

"அல்சூர்ல யாரு டீச்சர் பெரியவங்க கீறாங்க?" என்றான்.

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

சித்தப்பாவுக்கு விழுந்த சின்ன எழுத்து

அந்த விதியைப் பிள்ளைகளின் மண்டையிலிருந்து இறக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தையற்காரர் மகள் ஒருத்தி, அதுவரை சித்தப்பாவின் பெயருக்குப் பெரிய எழுத்து போட்டு வந்தவள், ஒரு திங்கட்கிழமை சின்ன எழுத்து போட்டுக் காட்டினாள். என்னம்மா இது என்றேன். சித்தப்பா நேற்று சித்தியை அடித்துவிட்டாராம், இனிமேல் அவருக்குச் சின்ன எழுத்துதானாம். தீர்ப்பு நியாயமான தீர்ப்பு. அதைத் தப்பு என்று கோடு போட எனக்கே மனசு வரவில்லை.

இன்னொருவன் சாராயக்கடை போர்டைப் பார்த்துவிட்டு வந்தான். அதில் ஓர் எழுத்து விடாமல் எல்லாமே பெரிய எழுத்து. அப்படியானால் சாராயக்கடைக்காரர் கலெக்டரை விடப் பெரியவரா டீச்சர் என்று கேட்டான். வருமானத்தைப் பார்த்தால் இருக்கலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

'நான்' என்பதற்கு இங்கிலீஷில் ஒற்றை எழுத்து, அது எப்போதும் பெரிய எழுத்து. குதிரைக்காரர் மகன் எழுதினாலும் அதே உயரம்தான். ஹெட்மாஸ்டர் இதை எப்படிச் சமாளித்தார் என்று அவரிடமே கேட்டேன். இங்கிலீஷ்காரன் உண்டாக்கிய பாஷை, அதில் 'நான்' என்றால் அவன்தானே, அதனால்தான் பெரிசு என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

சாமி விஷயத்தில் இன்னும் மோசம். தேவாலயத்துச் சாமிக்குப் பெரிய எழுத்து, கோயில் தெருப் பிள்ளைகளின் சாமிக்குச் சின்ன எழுத்து என்று வைத்திருந்தார். நான் ஜெபக் கூட்டத்தில் வளர்ந்தவள். ஆனாலும் முருகன் என்ற பெயரைச் சின்ன எழுத்தில் எழுதச் சொல்லி ஒரு குழந்தையை உட்கார வைக்க எனக்கு உரிமை இல்லை. முருகனுக்கும் பெரிய எழுத்துதான், அல்லாவுக்கும் பெரிய எழுத்துதான் என்று அன்றைக்கே மாற்றினேன். கோயில் தெருப் பிள்ளை ஒருத்தி மறுநாள் எனக்கு ஒரு பொட்டலம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் வைத்த விதி ஒரே வரி. பெயர் என்றால் பெரிய எழுத்து, வேலை என்றால் சின்ன எழுத்து. ராஜாவின் பெயரும் பெயர்தான், மாடு மேய்க்கிறவரின் பெயரும் பெயர்தான். சமையல், தோட்டம், துரைத்தனம், எல்லாம் வேலை. ஒவ்வொருவராக எழுந்து வந்து பலகையில் அவரவர் பெயரைப் பெரிய எழுத்து வைத்து எழுதச் சொன்னேன். ஒரு பையன் எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தவன், தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் திரும்பத் திரும்ப வந்து தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனான்.

எனக்கு இதில் ஏன் இத்தனை ரோஷம் என்று கேட்பீர்கள். என் அப்பா பட்டாளத்து ஸ்டோரில் குமாஸ்தா. பெட்டிகளின் மேல் பெயர் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. சிப்பாயின் தகரப் பெட்டி, பக்கெட், ஏன், சில துரைகளின் குளியல் தொட்டி மேலும் பெயர் இருக்கும். அந்தப் பெட்டிகளைத் தலையில் சுமந்து போகிறவர்களின் கையில் ஒரு பித்தளை வில்லை, அதில் ஒரு நம்பர். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் போதெல்லாம் பெயின்ட் வாசனையில் நின்று அதைப் பார்ப்பேன். பக்கெட்டுக்குப் பெயர் இருக்கிறது, இந்த மனுஷருக்கு இல்லையா என்று அப்பாவைக் கேட்டதற்கு, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார்.

நாய்க்குக் கிடைத்தது

கர்னல் வீட்டு வழக்கத்தை இப்போது சொல்ல வேண்டும். அந்த பங்களாவில் முதன்முதலில் ஆயா வேலைக்கு வந்தவரின் பெயர் உண்மையிலேயே மேரி. அவர் வயசாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவரையும் மேரி என்றே கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்தவரையும் மேரி என்றார்கள். வருகிறவரின் பெயரைக் கேட்டு, அதற்காக நாக்கை வளைக்க அந்த வீட்டாருக்கு இஷ்டமில்லை. பட்லர் யார் வந்தாலும் சாம். அந்தக் காலத்தில் பல பங்களாக்களில் இந்த வழக்கம் உண்டு. யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

சவரியம்மாவும் அப்படித்தான் மேரி ஆனார். அந்த வீட்டுக் குழந்தைகள் மூன்று பேரையும் இடுப்பில் வைத்து வளர்த்தவர் அவர். குழந்தைக்கு மாந்தம் கண்டால் உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருப்பாராம். கட்டை குட்டையான, கலகலப்பான மனுஷி. கலர் கரை போட்ட வெள்ளைச் சேலையில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது தெருவில் நாலு பேராவது "இன்னா சவரி" என்று குரல் கொடுப்பார்கள்.

அந்த வீட்டு நாய்களின் சங்கதி வேறு. ஒரு நாய் செத்தால் அடுத்த நாய்க்குப் பழைய பெயரை வைக்க மாட்டார்கள். குடும்பமே கூடி உட்கார்ந்து யோசித்துப் புதுப் பெயர் வைப்பார்கள். தோட்டத்து மூலையில் செத்த நாய்களுக்குக் கல் நட்டு, ஒவ்வொன்றிலும் அதனதன் பெயரைச் செதுக்கியிருந்தார்கள். அன்னம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த புதிதில், அந்தக் கற்களில் இருந்த பெயர்களைத்தான் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து டீச்சர் என்றாள்.

துரைசானி கெட்டவள் இல்லை. எனக்கு எரிச்சலே அதில்தான். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுத்த கமிட்டியில் அவள் முக்கியமானவள். வருஷத்துக்கு ஒரு நாள், கிறிஸ்மஸுக்கு முன்னால், கமிட்டித் துரைசானிகள் வந்து பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அன்றைக்குச் சாணி மெழுகி, வாழைக்கன்று கட்டி, பிள்ளைகளுக்கு எண்ணெய் வழிய வழியத் தலை வாரி உட்கார வைப்போம். பிள்ளைகள் எழுதுவதில் சிறந்ததை ஓர் அட்டையில் நல்லெழுத்தில் எழுதி வாங்கி, கமிட்டி அறைச் சுவரில் மாட்டுவார்கள். எழுதிய பிள்ளைக்குப் பெண்கள் பெரிய பள்ளிக்கூடத்தில் இலவச இடம். ஆயா, மாலி வீட்டுப் பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட்டைத் தாண்ட அது ஒன்றுதான் வழி.

அந்த வருஷம் அன்னம்மாவுக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவ்வளவு சூட்டிகை. அந்தக் கையெழுத்தை இன்று பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். துரைசானியும் அவளையே தேர்ந்தெடுத்தாள். தன் வீட்டு ஆயாவின் மகள் என்பதில் அவளுக்குச் சந்தோஷம் வேறு. திருத்திய வரியை அப்படியே அட்டையில் எழுதி அனுப்பச் சொன்னாள்.

நான் பின்னாலிருந்து முன்னே வந்து, மேடம், குழந்தை எழுதியது தப்பில்லை, அவள் அம்மாவின் பெயர் சவரியம்மாதான் என்றேன். துரைசானி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். மேரி என்ற பெயருக்கு என்ன குறை, வேதத்திலேயே இருக்கிற பெயர்தானே என்றாள். உறையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள்.

இடம் வேண்டுமா, பெயர் வேண்டுமா

அன்று சாயங்காலமே ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கமிட்டிக்காரர்கள் முன்னால் பள்ளிக்கூடத்தின் மானத்தை வாங்கிவிட்டேன் என்றார். வாரக் கடைசிக்குள் அட்டை போயாக வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்றார்.

"எஸ்தர் டீச்சர், புள்ளைக்குப் பெரிய ஸ்கூல் வேணுமா, அம்மா பேரு வேணுமா? நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் வேணும்னா என்ன சார் தப்பு?"

அவர் மேஜை மேலிருந்த காலி அட்டையை என் பக்கம் தள்ளினார். துரைசானிக்கு இதெல்லாம் மனசில்கூட இருந்திருக்காது. சவரியம்மாதான் சரி என்று இவர் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டு, சரி என்று தலையாட்டியிருப்பாள். வெள்ளைக்காரி கேட்டது ஒரு மடங்கு என்றால் நம்மவர் குனிந்தது பத்து மடங்கு. எனக்கு அவள் மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்ததுதான் அதிகம்.

அன்னம்மாவிடம் அட்டையைக் கொடுத்தேன். எழுது என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. அவள் பேனாவை மையில் தோய்த்தாள், பெயர் வரும் இடம்வரை எழுதினாள், நிறுத்திவிட்டாள்.

"அது எங்கம்மா பேரு இல்ல டீச்சர்."

மறுநாளும் அங்கேயே நிறுத்தினாள். ஹெட்மாஸ்டர் வந்து நைச்சியமாகச் சொன்னார், அதட்டிச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவர் பங்களாவுக்கு ஆள் அனுப்பிச் சவரியம்மாவையே வரவழைத்தார்.

மத்தியானம், குழந்தைகள் தூங்குகிற நேரமாகப் பார்த்துச் சவரியம்மா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். சேலையில் பவுடரும் பாலும் கலந்த மணம். அவர் என் பக்கம் பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். வந்ததும் வராததுமாக என் மேல்தான் பாய்ந்தார்.

"ஏன் டீச்சரம்மா, எம் பேரை அங்க எழுதச் சொல்லி நான் வந்து உங்களக் கேட்டனா? கொழந்த படிக்கட்டும்னு இஸ்கூலுக்கு வுட்டேன். சும்னே எதுக்கு இந்தக் கலாட்டா? மேரின்றாங்க, போறேன். அதுலதான் சோறு துண்றோம். எம் பேரு எங்க வூட்ல கீது, கோயில்ல கீது, போதும் எனுக்கு."

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்காகத்தானே சண்டை போடுகிறேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எது? சண்டை எனக்கு, வேலை போனால் பட்டினி அவருக்கு. அப்படி ஒரு நிலையில் ஒரு மனுஷியை நிறுத்தி வைத்திருந்தவர்கள் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் இன்னும் ஏறியது.

சவரியம்மா மகளிடம் திரும்பி, "எழுதுடி. மேரின்னு எழுது. அம்மா சொல்றேன் இல்ல" என்றார்.

அன்னம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். தயங்காமல் எழுதி முடித்துவிட்டாள்.

ஹெட்மாஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். மேரி இருந்தது. அதன் முதல் எழுத்து மட்டும் சின்ன எழுத்து, நடு அறையிலேயே உட்கார்ந்திருந்தது. இது என்ன, பெரிய 'எம்' போடு என்றார்.

"அது பேரு இல்லியே சார். அந்த வூட்டுக்கு ஆயாவா யாரு வந்தாலும் மேரிதான். மாலி, குக்கு மாதிரி. வேலைக்குச் சின்ன எழுத்துதானே?"

துடுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டரின் முகம் போன போக்கைப் பார்த்துச் சவரியம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பயம் வந்துவிட்டது. அவருக்கு எழுத்துத் தெரியாது. புள்ள என்ன எழுதினாள், என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். மேரி என்பது உங்கள் பெயர் இல்லை, அந்த வீட்டு வேலையின் பெயர் என்கிறாள் என்று விளங்கச் சொன்னேன்.

சவரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வரேன் டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திரும்பவும் எழுது என்று மகளிடம் அவர் சொல்லவில்லை.

மேரி, மேரி

இலவச இடம் கிளாரினெட் ஊதுகிறவரின் மகளுக்குப் போயிற்று. அந்தக் குழந்தையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கமிட்டிக்கு நேரில் போய்க் கேட்டேன். ஒழுக்கத்தையும் பார்க்க வேண்டுமல்லவா என்று பதில் வந்தது. எட்டு வயசுப் பிள்ளை தன் தாயின் பெயரைச் சரியாக எழுதியது ஒழுக்கக் கேடு என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் கூச்சமாக இல்லை. என்னை இரண்டாம் வகுப்புக்கு இறக்கினார்கள். இறங்கினேன். அங்கேயும் பெயர் என்றால் பெரிய எழுத்துதான்.

அன்னம்மா எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த கடைசி வகுப்புவரை படித்தாள். அதற்கு மேல் படிக்க வைக்க நானும் முட்டி மோதிப் பார்த்தேன், நடக்கவில்லை. பிறகு ஆடுகோடி பக்கத்தில் ஒரு தையற்கடைக்குப் போனாள். அந்தக் கையெழுத்து உள்ள பெண் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். இதற்காக நான் யாரையும் மன்னிப்பதாக இல்லை.

சவரியம்மாவைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த அட்டை விவகாரம் முடிந்து சில வாரம் இருக்கும். அல்சூர் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். சவரியம்மா. வெள்ளைச் சேலை இல்லை, வீட்டுச் சேலை கட்டியிருந்தார். வேலை நேரத்தில் சந்தையில் என்ன என்று கேட்டேன். வேலை போய்விட்டது என்றார். நான் அட்டை விஷயத்தை நினைத்துப் பதறினேன். அவர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார்.

"அதெல்லாம் இல்ல டீச்சர். துரைசானி உள்ளேருந்து மேரி, மேரின்னு கூப்ட்டுகினே கீறாங்க. என் காதுல வுழுது. யாரையோ கூப்புடறாங்கன்னு நெனச்சிகினு நான் பாட்டுக்குத் துணி மடிச்சிகினு கீறேன். வேணும்னு பண்ல டீச்சர், மாதா சத்தியமா. ஒரு நாளு இல்ல, தெனிக்கும் அப்படியே ஆவுது. காது கேக்காத ஆயா கொழந்தைங்களுக்கு ஆவாதுன்னு நிறுத்திட்டாங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொத்தமல்லிக்காரி எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அவருக்கு ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு வார்டில் வேலை சொல்லி வைத்தேன். கிடைத்தது. அங்கே அவரைச் சவரி என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்ட குரலுக்குக் காது நன்றாகவே கேட்டது.

அடுத்த வாரமே கர்னல் பங்களாவில் வேறொரு மேரி வேலைக்கு வந்துவிட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் அந்தப் பக்கமாக நடந்தேன். கேட்டுக்கு வெளியே, சலவை மடிப்புக் கலையாத புது வெள்ளைச் சேலையில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டை அழித்த தடம் இன்னும் தெரிந்தது. உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் பங்களாப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, முனியம்மா என்றார்.